அன்னக்கூடையில் எங்கள் போன்கள்

பெரம்பலூரில் நான் படித்த கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை ஆறு மணிக்கு ஓர் அன்னக்கூடை வரும். மெஸ்ஸில் சோறு போட்டு வைக்கிற அதே அலுமினியக் கூடைதான். வார்டன் மேடம் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு அறை அறையாக வருவார். போனை அணைத்து அதில் போட்டுவிட வேண்டும். மறுநாள் காலை டிபனுக்குப் பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஆண்கள் விடுதிக்கு அப்படி எந்தக் கூடையும் போனதில்லை. அங்கே போன்கள் தலையணைக்கு அடியிலேயே தூங்கும். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் கணக்கு சார் கொரோனா காலத்தில் ஆன்லைன் தேர்வு வைத்துப் பழகியவர். கல்லூரி திறந்த பிறகும் அதை விடவில்லை. பேப்பர் திருத்துகிற வேலை மிச்சமல்லவா? சாயங்காலம் ஏழு மணிக்கு வீட்டில் காபி குடித்துக்கொண்டே வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போடுவார். அரை மணி நேரத்தில் அது மூடிக்கொள்ளும். செமஸ்டருக்கு மூன்று தேர்வு, இன்டர்னல் மதிப்பெண் முழுக்க அதில்தான். முதல் தேர்வில் விடுதிப் பெண்கள் அத்தனை பேருக்கும் பூஜ்ஜியம்.

சாரிடம் போனோம். “குரூப்ல போட்டேன்ல? பாக்க வேண்டியதுதானம்மா?” என்றார்.

“ஹாஸ்டல்ல போன வாங்கி வச்சுக்கிறாங்க சார்.”

“அது ஹாஸ்டல் விஷயம். என்கிட்ட வராதீங்க.”

வார்டனிடம் போனோம். “டெஸ்ட்ட பகல்ல வைக்கச் சொல்லுங்க. ராத்திரி பொண்ணுங்க கையில போன் இருந்தா நாளைக்கு யாரு பதில் சொல்றது? ஒங்க அப்பாவெல்லாம் இதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் சேத்துவிட்டிருக்காங்க.”

அது உண்மைதான். என் அப்பா சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறார். விக்கிரமங்கலத்திலிருந்து என்னைக் கூட்டி வந்து சேர்த்த அன்று இன்னொன்றும் சொன்னார்: “ஒரு அரியர் விழுந்தாலும் பெட்டியக் கட்டிக்கிட்டு வூட்டுக்கு வந்துடணும்.” இன்டர்னல் போனால் அரியர் நிச்சயம். அரியர் விழுந்தால் என் படிப்பு அதோடு சரி.

விடுதிப் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வகுப்பில் ஆளுக்கொரு பையனிடம் தேர்வு எழுதுகிற கல்லூரி லாகினின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவது. பையன்களிடமிருந்து எங்களைக் காப்பாற்றத்தானே கூடை? அந்தக் கூடையால்தான் லாகினுக்குள் இருந்த எங்கள் போட்டோ, பிறந்த தேதி, வீட்டு விலாசம் எல்லாம் பையன்கள் கைக்குப் போயின. என் பாஸ்வேர்டு, குரும்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் ஒருவனிடம் இருந்தது. மத்தியானம் கேன்டீனில் உட்கார்ந்து அவனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பேன். சாயங்காலம் அதே மாதிரிக் கணக்கை அவன் என் பெயரில் போடுவான்.

இரண்டாவது தேர்வின் மதிப்பெண் வந்தது. அவனுக்கு முழு மதிப்பெண். எனக்குப் பாதி. என்னடா இது என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் ஒரே மார்க் வந்தா சாருக்கு டவுட் வரும்ல? அதான் ஒனக்கு வேணும்னே தப்பா போட்டேன். அடுத்ததுல சேத்துப் போட்டுடறேன் வுடு.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். கையிலிருந்த டீயை அவன் மூஞ்சியில் ஊற்றாமல் வந்ததே பெரிய விஷயம். கணக்கு நான் சொல்லிக்கொடுத்தது. தப்பு மட்டும் என் பெயரில். இன்னும் ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி. அதிலும் அவன் தயவுக்குக் காத்திருக்க என்னால் முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்க்க வந்தார். வார்டன் அறையில் இருவரையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கூடை, லிங்க், பூஜ்ஜியம், பாஸ்வேர்டு, ஒன்று விடவில்லை. அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு வாயைத் திறந்தார்.

“எந்தப் பையன்?”

வார்டனும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “ஆமா, யாரு அவன்?”

பூஜ்ஜியம் என்றேனே, அது அவர்கள் காதில் விழவில்லை. அரியர் என்றேனே, அதுவும் விழவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் காதல்தான் என்று முடிவு கட்டிவிடுவார்களே என்று அதையும் விழுங்கினேன்.

“பையன வுடுங்கப்பா!” என்று கத்தினேன். அப்பாவிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. “டெஸ்ட் அன்னைக்கு அரை மணி நேரம் என் போன என்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. அப்பறமும் அரியர் விழுந்தா நானே பெட்டியக் கட்டிடறேன்.”

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு, “குடுத்துப் பாருங்க மேடம்” என்றார்.

எனக்கு மட்டும் கிடைத்தது. கடைசித் தேர்வை வார்டன் அறையில் எழுதினேன். மற்ற பெண்களின் போன்கள் பக்கத்தில் கூடையில் அணைந்து கிடந்தன. வார்டன் என் தோளுக்குப் பின்னால் நின்றார். கணக்கை அவர் பார்க்கவில்லை, யாராவது மெசேஜ் அனுப்புகிறார்களா என்று பார்த்தார். நான் தலையைத் தூக்காமல் போட்டு முடித்தேன். முழு மதிப்பெண் வந்தது. மூன்றையும் கூட்டிப் பார்த்தேன், இன்டர்னல் தேறியது, அரியர் பயம் இல்லை.

அடுத்த வகுப்பில் சார் எல்லார் முன்னாலும் என்னை எழுப்பினார். பாராட்டத்தான் போகிறார் என்று நானும் சந்தோஷமாக எழுந்தேன்.

“போன தடவ பாதிதான எடுத்த? இப்ப யாரும்மா எழுதிக் குடுத்தது?”

பின்பெஞ்சில் குரும்பலூர்க்காரன் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் பெஞ்சை விட்டு வெளியே வந்து சாரிடம் கையை நீட்டினேன்.

“சாக்பீஸ் குடுங்க சார்.”