ஈரத் துவாய்

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். சிட்னியில், வெஸ்ட்மீட்டில் நாங்கள் வாங்கிய மாடி வீட்டில் புகை மட்டும் வந்தது, நெருப்பை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னேரமானால் பல்கனிக் கதவின் கீழால் சிகரெட் மணம் நுழையும். கொஞ்ச நேரத்தில் என் மகனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கும். அப்போது அவனுக்கு ஐந்து வயது. மூச்சு மருந்துப் பம்பை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, "அம்மா, கதவைப் பூட்டுங்கோ" என்பான். கதவு பூட்டித்தான் இருக்கும். குளித்துத் துடைக்கும் பழைய துவாய் ஒன்றை நனைத்து அதன் அடியில் அடைத்துவைப்பேன்.

கட்டடக் குழுவின் தலைவர் தரைத்தளத்தில் இருந்தார். அவரிடம் முறையிடப் போனேன்.

"உங்களுக்கு நேர் கீழே ஸ்பானிஷ்காரர்கள். அவர்களுடைய பழக்கம் அது. நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கையை விரித்தார்.

"விடுமப்பா, அயலோட என்னத்துக்குச் சண்டை?" என்றார் என் கணவர். பிள்ளையை மடியில் வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருப்பவள் நான் அல்லவா? அடுத்த நாளே கீழே இறங்கிப்போய்க் கதவைத் தட்டினேன்.

சண்டைக்கு வேண்டிய ஆங்கிலத்தைப் படியிலேயே பாடமாக்கியிருந்தேன். கதவைத் திறந்தவள் ஸ்பானிஷ் பேசும் சிலி நாட்டுக்காரி, கிட்டத்தட்ட என் வயது. நான் வாயைத் திறக்கமுன் அவளுடைய பல்கனிக் கதவு கண்ணில் பட்டது. அதன் அடியிலும் ஈரத்துணி அடைத்திருந்தது. பாடமாக்கிய ஆங்கிலமெல்லாம் பறந்துபோய், "துவாய்!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

"சி, தோவாய்யா" என்றாள் அவள், ஒன்றுமே நடக்காததுபோல. 'சி' என்றால் அவர்களுக்கு 'ஓம்'.

போர்த்துக்கீசர் இலங்கையில் எங்கள் ஊரில் விட்டுப்போன சொல், அவளுடைய பாஷையிலும் அதே சொல்தான். பிறகு அவளுடைய குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையருகே உட்கார்ந்து பாணை வெட்டி வெண்ணெய் பூசிச் சாப்பிட்டோம். குசினி, மேசை, பாண், மூன்று சொல்லும் அவளுக்கு விளங்கின. அவள் வீட்டில் ஒருவரும் புகைப்பதில்லை. தலைவர் அவளிடம் சொல்லியிருந்ததோ வேறு கதை: மேல்வீட்டு 'இந்தியர்கள்', அதாவது நாங்கள், ஏதோ சாம்பிராணி கொளுத்துகிறார்களாம்.

"புகை மேலே போகும். கீழே இறங்குமா? அதுகூடத் தெரியாதவள் என்று என்னை நினைத்துவிட்டார்" என்றாள்.

இருவரும் பல்கனியில் நின்று எட்டிப் பார்த்தோம். தலைவர் வீட்டு மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து புகை எழும்பி வந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் காது சுட்டது.

மகனின் மூச்சிழுப்பைச் சொல்லி, பல்கனியில் புகைக்கக் கூடாது என்று விதி போடும்படி கட்டடக் கூட்டத்தில் கேட்டேன். தலைவர் தேன் ஒழுகப் பேசினார். "இது பல பண்பாடுகள் சேர்ந்து வாழும் கட்டடம். இப்படி ஒரு விதி நம் ஸ்பானிஷ் குடும்பங்களைப் புண்படுத்தும்."

சிலிக்காரி எழுந்தாள். வாடகைக்கு இருப்பவர்கள் பேச முடியாது என்று தலைவர் அவளை அமர்த்தப் பார்த்தார்.

"நான் வீட்டுச் சொந்தக்காரி. எனக்குரிய நேரத்தில் இவர் பேசுவார்" என்றேன். அவள் பேசி முடிக்கும்வரை நானும் உட்காரவில்லை.

"புகை எங்கள் பண்பாடு என்று யார் சொன்னது?" என்று அவள் கேட்டாள். "என் அப்பாவைக் கொண்டுபோனது சிகரெட். எங்கள் ஆட்களில் புகைக்கிறவர்களும் பிள்ளைகளுக்காக வெளியே போய் நிற்கிறார்கள். எங்களுக்கு விதி வேண்டுமா என்று ஒருதரமாவது கேட்டீர்களா?"

கேட்டுவிட்டுப் பையிலிருந்த தன் துவாயை மேசையில் போட்டாள். என்னுடையதை அதன்மேல் போட்டேன். "மணந்து பாருங்கள்" என்றேன். தலைவர் தான் உட்கார்ந்திருந்த கதிரையைப் பின்னால் இழுத்தார். எதிர்வீட்டுக் கிழவி ஒன்றை எடுத்து முகர்ந்து முகம் சுளித்தாள். "இதையா அந்தக் குழந்தை சுவாசிக்கிறது?" என்று கேட்டபடி முதல் ஆளாகக் கையை உயர்த்தினாள். விதி நிறைவேறியது.

மறுநாள் பின்னேரம் பல்கனிக் கதவை அகலத் திறந்தேன். மகன் பம்பைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான். காற்றுத்தான் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பம்பை வைத்துவிட்டு விளையாடப் போனான். எனக்கு அழுகை வந்தது. துவாயைத் தோய்த்துப் பல்கனிக் கம்பியில் விரித்தேன். கீழே அவளும் தன்னுடையதை விரித்திருந்தாள்.

தெருவோரக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று புகைத்துக்கொண்டிருந்த தலைவர் நிமிர்ந்து பார்த்தார். பல்கனியில் துணி காயப்போடக் கூடாது, அதற்கும் விதி இருக்கிறது என்று சத்தம் போட்டார்.

"தெரியும். எங்களுடைய பழக்கம் இது. என்ன செய்யலாம்?" என்றேன்.