பெட்டி இறங்கும் வீடு

பினாங்கில் ஒவ்வொரு நாள் காலையும் பால்காரர் என் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். "இபுறாகீம் பாய், பாலு." இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. பால் வாங்குகிறவள் மனைவி. அடுப்படி அவளுடையது. எந்தச் சாமான் எங்கே இருக்கிறதென்று தெரிந்தவளும் அவள்தான். ஆனாலும் வீடு என்னுடையதாம். கல்முனைக் கரையில் பிறந்த உங்களுக்கு இதைப் படிக்கவே சிரிப்பு வரும். சாய்ந்தமருதில் ஒரு ஆண்பிள்ளையின் பெயரைச் சொல்லி வீடு விசாரித்தால், "முடிச்ச வீட்டையா கேக்கிறீங்க, உம்மாட வீட்டையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். முடித்த வீடென்றால் கல்யாணம் முடித்த வீடு. நம் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. தாய் தகப்பன் மகளுக்குக் கட்டிக் கொடுப்பது. மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு அங்கே வந்து சேருகிறவன். இதை இங்கே சொன்னால், மாமனார் வீட்டில் ஓசிச் சோறு தின்னும் கூட்டத்தில் பிறந்தவன் என்று என்னைப் பார்க்கிறார்கள். பார்த்தால் பார்க்கட்டும். ஆனால் இதே வித்தியாசம் ஒருதடவை மருதமுனைப் பெண் ஒருத்தியின் மானத்துக்கே வினையாக வந்தது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

நான் இங்கே லிம் என்ற சீன வழக்கறிஞரின் கந்தோரில் கிளாக்கர். தமிழ் மொழிபெயர்ப்பும் என் வேலைதான். கல்முனைக் கோர்ட்டில் தொழில் செய்யும் காரைதீவு வினாசித்தம்பி ஐயாவை அவருக்கு அறிமுகம் செய்து வைத்தவன் நான். ஊரில் வக்கீலைப் பிறக்கிராசி என்பார்கள், சனத்துக்கு அவர் பிறக்கிராசி ஐயா. நம் ஆட்கள் எத்தனையோ பேர் இங்கே வந்து கடை வைத்து, குடும்பம் வைத்து, கடைசியில் வழக்கையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கே ஒரு வழக்கறிஞரும் இங்கே ஒருவரும் கைகோத்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். இருவருக்கும் சட்டம் வெள்ளைக்காரன் படிப்பித்ததுதான், கடல் மட்டும்தானே இடையில் என்று பெருமையடித்தும் திரிந்தேன்.

வினாசித்தம்பி ஐயா அனுப்பிய முதல் வழக்கு மருதமுனை செய்னம்புவினுடையது. அவளுடைய புருசன் ஆதம்பாவா பினாங்கில் சாரன் துணிக் கடை நடத்தி, இங்கேயே மௌத்தாகி அடக்கமும் ஆனவர். இங்கும் ஒரு கல்யாணம் முடித்திருந்தார். அந்த மனைவியின் அண்ணன் கோர்ட்டில் ஏறி, ஆதம்பாவா முதல்முறை கப்பலேறும்போதே ஊர் மனைவிக்குத் தலாக் சொல்லிவிட்டார் என்றான். சொத்து ஒரு பக்கம் கிடக்கட்டும். செய்னம்புவின் ஒரே மகள், ஆதம்பாவா இடையில் ஊருக்கு வந்து தங்கிப்போன பிறகு பிறந்தவள். தலாக் உண்மையென்று தீர்ப்பானால் அந்தப் பிள்ளைக்கு வாப்பா இல்லை. அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம் அது. தீர்ப்பு வரட்டும், பிறகு பார்ப்போம் என்று மாப்பிள்ளை பக்கத்தார் பின்வாங்கி நின்றார்கள்.

செய்னம்பு கொடுத்த சத்தியக்கடதாசியை வினாசித்தம்பி ஐயா அனுப்பினார். தாய் தகப்பன் தந்த வீட்டில்தான் இன்றுவரை இருக்கிறேன், புருசனின் பெட்டியும் இங்கேதான் இருக்கிறது என்று அதில் சொல்லியிருந்தாள். நான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். லிம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பெண் கணவன் வீட்டில் ஒருநாளும் இருக்கவில்லையா?"

"இல்லை."

"அப்படியானால் பிரிந்து தகப்பன் வீட்டுக்குப் போனவள். எதிராளி சொல்வதையே இவர்களும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். உன் ஊர் வக்கீலுக்குத் தொழில் தெரியவில்லை."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நம் வழக்கத்தை விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார். "நீ அந்த ஊர்க்காரன், அப்படித்தானே சொல்வாய்" என்றார். அவள் கணவன் வீட்டில் வாழ்ந்ததற்குச் சாட்சி அனுப்பும்படி கல்முனைக்கு எழுதினார். மலாயாவில் ஆண்பிள்ளைகள் பெண்சாதியை எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்று அறிய எனக்கு ஆசையில்லை என்று ஐயாவிடமிருந்து பதில் வந்தது. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், இரண்டு பேரும் மற்றவரை மடையன் என்று நினைத்தார்கள். லிம் வழக்கைக் கைவிடப் பார்த்தார். நடுவில் கிடந்து நான் முழித்தேன்.

அந்தச் சமயத்தில் கொழும்பில் வழக்கறிஞர் கூட்டமொன்றுக்கு லிம்மை அழைத்திருந்தார்கள். நானும் லீவு எடுத்துக்கொண்டு அதே கப்பலில் வந்தேன். கூட்டம் முடிந்ததும், "உன் ஊரைக் காட்டு" என்றார். வழக்குக்காக என்று சொல்லவில்லை, ஆனால் வழக்குக் கட்டு அவருடைய பையில் இருந்தது. ரயிலில் மட்டக்களப்புக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மருதமுனையில் இறங்கினோம். வினாசித்தம்பி ஐயா அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டோடு நின்றார். இருவரும் விரல் நுனியால் கை கொடுத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

செய்னம்பு வீட்டுக்குள் நாங்கள் கதிரைகளில் இருந்தோம். அவள் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னாள். லிம் கேட்பதை நான் தமிழில் கேட்டேன்.

"இது யாருடைய வீடு?"

"என்ட வீடு. உம்மா வாப்பா தந்த."

"உங்கள் கணவருடைய வீடு எங்கே?"

"என்ன கேக்காரு?" என்றாள். கேள்வி விளங்கவில்லையோ என்று நான் திரும்பக் கேட்டேன்.

"இதுதான். வேற எங்க?"

லிம் என்னைப் பார்த்தார். வினாசித்தம்பி ஐயா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு, இங்கிலீசு தெரிந்தும் லிம்மோடு நேரே பேசாமல் என்னிடம் சொன்னார். "தம்பி, அவரிட்டக் கேளுங்க. அவங்கட ஊரில புருசன் பொஞ்சாதி தீர்ந்து பிரிஞ்சா, ஆர் வீட்ட விட்டுப் போறது?"

"மனைவிதான்" என்றார் லிம்.

"இஞ்ச ஆம்பிளதான் போறது. பெட்டியத் தூக்கிக்கொண்டு உம்மாட வீட்டுக்குப் போவான். தெருவே பாத்துக்கொண்டு நிக்கும்."

நான் அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் செய்னம்பு கதைக்கத் தொடங்கிவிட்டாள். "அவரு பெட்டிய எடுக்கல்ல ஐயா. கப்பலுக்குப் போகக்குள்ள பையோடதான் போனவரு. பெட்டி கிடக்கட்டும், வருவன் எண்டு சொன்னவரு. வந்தும் இரிந்தவரு. ஒவ்வொரு பெருநாளைக்கும் அவர்ர சாரன வெயில்ல போட்டு எடுத்து மடிச்சி வெச்சிக்கிட்டுத்தான் இரிக்கன். தலாக் சொன்ன மனிசன் பெட்டிய உட்டுட்டுப் போவாரா? எனக்கு அவர்ர கட வேணாம். என்ட புள்ளைக்கு வாப்பா வேணும்."

கடைசி வசனத்தை அவள் சொன்ன மாதிரியே இங்கிலீசில் சொன்னேன். லிம் எழுந்து, வினாசித்தம்பி ஐயாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "நீங்கள் கேட்ட கேள்வியை நான் முதல்நாளே கேட்டிருக்க வேண்டும்" என்றார். பகல் காரைதீவில் ஐயாவின் மனைவி ஆக்கிப் போட்ட மீன்கறிச் சோறு. அப்படியானால் மனைவி கோபித்தால் கணவன் எங்கே போய்ப் படுப்பான் என்று லிம் கேட்டார். "கடற்கரையில" என்றார் ஐயா. சாப்பிட்ட கை காயும்வரை இரண்டு பேரும் வழக்கைத்தான் கதைத்தார்கள். என்னை மறந்தே போனார்கள்.

ஊர்ப் பெரியவர்களிடம் வாக்குமூலம் வாங்கி நம் வழக்கத்தை விளக்கமாக ஐயா எழுதி அனுப்பினார். பினாங்குக் கோர்ட்டில் லிம், இங்கத்தைய மனைவியின் அண்ணனிடம், ஆதம்பாவா ஊருக்குப் போனபோது எங்கே தங்கினார் என்று கேட்டார். "மருதமுனையில், அவர் வீட்டில்" என்றான் அவன். அந்த வீட்டைத் தன் வீடு என்றுதான் ஆதம்பாவா இங்கே எப்போதும் சொல்லியிருக்க வேண்டும். ஆதம்பாவா பிறந்தது சாய்ந்தமருது, மருதமுனையில் அவருக்கு இருந்தது மனைவியின் வீடு ஒன்றுதான், தலாக் சொன்னவன் அங்கே போய்த் தங்கமாட்டான் என்பதை லிம் நிதானமாக எடுத்துக் காட்டினார். செய்னம்பு மனைவிதான் என்று தீர்ப்பானது. மகளின் நிக்காஹும் நடந்தது. இப்போதெல்லாம் இரண்டு கந்தோருக்கும் இடையில் வழக்குகள் போய்வருகின்றன. நம் கரையிலிருந்து யார் வந்தாலும், "பெட்டி எங்கே இருக்கிறது?" என்றுதான் லிம் முதலில் கேட்கிறார்.

அந்தப் பயணத்தில் நான் தங்கியது தங்கச்சி வீட்டில். அது நான் பிறந்த வீடு, இப்போது அவளுடையது. புதுப் பாய் விரித்து, நல்ல கோப்பையில் தேத்தண்ணி தந்து, என்னை விருந்தாளியாகவே வைத்திருந்தாள். புறப்படும் நாளில், பெட்டியை இங்கேயே வைத்துவிட்டு, கையில் ஒரு பையோடு போகிறேன் என்றேன். நானும் அங்கே ஏதாவது விட்டுவைக்க வேண்டும்போல் இருந்தது.

தங்கச்சி கண் கலங்கிவிட்டாள். "வேணாம் காக்கா, கொண்டு போங்க. உங்கட பெட்டி இஞ்ச கிடந்தா, நீங்க மதினியோட தீர்ந்து வந்திட்டீங்க எண்டு சனம் கதைக்கும்." அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தாள்.

பினாங்கில் வந்து இறங்கி, வாசலில் பெட்டியை வைத்துவிட்டு நின்றேன். மனைவி வெளியே வந்தாள். "ஏங்க வாசல்லயே நிக்கிறீங்க?"

"இது யாருடைய வீடு?" என்று கேட்டேன்.

வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்திருப்பாள். சிரித்தபடி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"உங்க வீடுதான். வேற யாரு வீடு?"

அவள் அன்பாகத்தான் சொன்னாள். ஊர் முறைப்படி என் பெட்டி இறங்க வேண்டியது மனைவியின் வீட்டில், அவளோ இது தன் வீடில்லை என்கிறாள். நான் பெட்டியைத் திரும்பவும் கையில் எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அந்த வாசலிலேயே நின்றேன்.