டீயை மாற்றிக் குடித்த அக்கா

இன்னும் கோபம் ஆறவில்லை.

இன்று அக்காவை விருத்தாசலத்தில் மனநல டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "மாத்திரை ஒழுங்கா சாப்புடுறாங்களா?"

அக்காவே பதில் சொன்னாள். "நிறுத்திட்டேன் சார். கை நடுங்குது. செராமிக்ஸ் கம்பெனியில பொம்மை அச்சுல கரைச்ச மண்ணு ஊத்துற வேலை, எல்லாம் சிந்திப் போவுது. வேற மாத்திரை இருக்குதுங்களா?"

இதைவிடத் தெளிவாக யார் கேட்க முடியும்?

டாக்டர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "இவங்க இப்படித்தான் சொல்வாங்க. நீங்க பொடி பண்ணி சோத்துலயோ டீயிலயோ கலந்து குடுத்துடுங்க. அவங்களுக்குத் தெரிய வேணாம்" என்றார் என்னிடம்.

தெரிய வேண்டாமாம். அவள் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அவங்க கேட்டதுக்கு பதில் சொல்லுங்க சார்" என்றேன். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீ வாங்கி, ஒன்றை அக்காவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அத நீ குடிடா. உன் கையில இருக்குறத எனக்குக் குடு."

மாற்றிக் கொடுத்தேன். நான் குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி எங்கள் வீட்டில் ஒவ்வொரு வேளையும் முதல் வாய் நான்தான் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். இதற்கு எந்த டாக்டரிடம் போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.