காலி நாற்காலியின் ஆட்டம்

முதல் நாளே தோற்றுவிடுவேன் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் போட்டியில் சேர்ந்தேன். ஆட்டம் சனிக்கிழமை. என் கணவரின் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் ஞாயிறு காலை. பெரிய போக்கர் சீட்டுப் போட்டிகளில் முக்கால்வாசிப் பேர் முதல் நாள் சாயங்காலத்துக்குள் வெளியேறிவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தோடு கிளம்பி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்து, காலையில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நிற்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நான் கோலா தெர்லா என்ற மலையூரில் சாமந்தி போடுகிறவள். பிளாஸ்டிக் கூரை போட்ட பந்தல்களில் மஞ்சளும் வெள்ளையும் வருஷம் முழுக்கப் பூக்கும். கணவர் இடைநிலைப்பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு கோலாலம்பூரில் வேலை பார்த்தபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்துப் பெண்களிடம் போக்கர் கற்றுக்கொண்டேன். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு அதோடு நிற்கவில்லை. கையில் இருக்கும் இரண்டு சீட்டைவிட, எதிரில் இருப்பவர் எதற்காக இவ்வளவு யோசிக்கிறார் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

மலைக்கு வந்த பிறகு அதை வீட்டு வேலைகளுக்கு நடுவே நுழைப்பதற்குச் சில வருஷம் ஆனது. பூவைக் கட்டுக்கட்டாகக் காகிதத்தில் சுற்றும்போது பழைய ஆட்டங்களை மனசுக்குள் திரும்ப ஆடிப் பார்ப்பேன். கை தானாக வேலை செய்யும். தீபாவளி, சீனப் புத்தாண்டு, சீனர்கள் கல்லறைக்குப் பூ வாங்கும் மாதம், இந்த மூன்று சமயத்திலும் சீட்டைத் தொடமாட்டேன். வீட்டுச் செலவுக்கான காசை எப்போதும் தொடமாட்டேன். சாப்பிடும்போது போக்கர் பேசமாட்டேன். கடைசி நிபந்தனை கணவர் போட்டது. ரசம் ஊற்றிக்கொண்டே எதிராளி செய்த தப்பை நான் விளக்குவதை அவரால் தாங்க முடியவில்லை.

அவருடைய அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்காது. ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் அங்கே கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கு எழுதுகிறவர். "குடும்பப் பொம்பளைக்கு என்னாத்துக்குலா சீட்டு?" என்று என்னிடம் நேராகவே கேட்டிருக்கிறார். அதில் கோபம் இருக்காது. உனக்கு ஏன் இந்தக் கசப்பு மருந்து என்று கேட்பதுபோல இருக்கும்.

போட்டி நடந்தது பகாங் மாநிலத்தின் இன்னொரு மலையில், மேகத்துக்குள் நிற்கும் ஒரு பெரிய ஹோட்டலில். சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்கு எல்லாமே வாய்த்தது. நல்ல சீட்டு வந்தபோது எதிராளிக்கும் ஓரளவு நல்ல சீட்டு வந்தது. இல்லாதபோது நான் காட்டிய பொய்யை அவர்கள் நம்பினார்கள். ஆட்டம் முடிந்தபோது அந்த மேசையில் பந்தயத்துக்கு வைக்கும் சிப்ஸ் வில்லைகளின் பெரிய குவியல் என்னுடையது. சிப்ஸைப் பையில் போட்டு முத்திரை வைத்து, மறுநாள் மதியம் வரச் சொன்னார்கள்.

வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தேன்.

"தோத்துட்டியா?" என்றார், ஆறுதல் சொல்லத் தயாரான குரலில்.

"இல்லங்க."

"அப்ப நாளைக்கு?"

"நிச்சயதார்த்தத்துக்கு வர்றேன். நான்தானே பொண்ண அழச்சிட்டு வரணும்."

அதை நான் தியாகமாக நினைத்துச் சொல்லவில்லை. தாய்மாமன் மனைவி நான். பெண்ணுக்குத் தலையில் பூ வைத்து, கையைப் பிடித்துச் சபைக்கு அழைத்து வரவேண்டியவள். அந்தப் பெண் எனக்குச் செல்லமும்கூட. ஆனால் மலையிறங்கி வரும் வழியெல்லாம் அடக்கமாட்டாமல் எரிச்சலாக இருந்தது என்பதும் உண்மை. இவ்வளவு வருஷத்தில் இவ்வளவு சிப்ஸோடு நான் இரண்டாம் நாளுக்குப் போனதே இல்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. ஆள் வராவிட்டாலும் சிப்ஸ் மேசையில் இருக்கும். போக்கரில் முறை சுற்றிவரும்போது ஒவ்வொருவரும் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகக் கொஞ்சம் போட வேண்டும். வராதவருடைய பங்கைச் சீட்டுப் பரிமாறுகிறவரே எடுத்துப் போட்டுவிடுவார். கூடவே சீட்டும் கொடுத்து, உடனே திருப்பி எடுத்துக்கொள்வார். குவியல் மெல்லக் கரையும். கரைந்து முடிவதற்குள் போய்ச் சேர்ந்தால் ஆட்டத்தில் இருக்கலாம்.

ஞாயிறு காலை தோட்டத்துக் கோயில் மண்டபம் முழுக்க எங்கள் வீட்டு மஞ்சள் சாமந்தி. மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவிலிருந்து வரவேண்டும், மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார்கள். பெண்ணுக்குப் பூ வைத்தேன். கையைப் பிடித்துச் சபைக்கு அழைத்து வந்தேன். "மாமி, நா நடக்கறது கோணலா இருக்கா?" என்றாள். "நேராத்தான் நடக்கற. என்னைய பாக்காத, முன்னால பாரு" என்றேன். அந்தக் கொஞ்ச நேரம் சீட்டு நினைவே வரவில்லை. மாலை போட்டு, தட்டு மாற்றி, எல்லாரும் பந்திக்கு உட்கார்ந்தபோதுதான் போனைப் பார்த்தேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஆடுகிறவர், ஓய்வு பெற்ற ஒரு சீனப் பல் மருத்துவர், செய்தி அனுப்பியிருந்தார். எங்கள் மேசையில் அதற்குள் மூன்று பேர் தோற்றுப் போயிருந்தார்களாம். என்னுடைய காலி நாற்காலி அவர்களைவிட நன்றாக ஆடுகிறது, அதன் முகத்திலிருந்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். நான் சிரித்துவிட்டேன்.

கணவரின் அக்கா பாயாச வாளியோடு என் இலைக்கு எதிரில் நின்றார். "என்னா சிரிப்பு? காலையிலேருந்து மொகமே சரியில்ல, இப்ப மட்டும் சிரிக்கற."

மறைக்கத் தோன்றவில்லை. சொன்னேன்.

"ஒன் எடத்துல யாரு ஆடறா?"

"யாரும் இல்லக்கா. நாற்காலி சும்மா கெடக்கு. சுத்தி வர்றப்ப என் பங்க அவங்களே எடுத்துப் போட்டுருவாங்க."

"ஆளே இல்லாம கொறயுதா?"

"ஆமாக்கா."

அவர் வாளியைக் கீழே வைத்தார். சூதாட்டம் தப்பா சரியா என்பது அந்த நிமிஷத்தில் அவருக்கு மறந்தேபோனது என்று நினைக்கிறேன். நம்முடைய பொருள் யாரும் பார்க்காமல் வீணாகிறது என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "அப்ப இங்க ஒக்காந்து என்னா செய்யற? எந்திரிலா. தம்பி, காடிய எடு. பாத்திரம் கழுவ இங்க ஆளு நெறய இருக்கு." நான் கை கழுவி வருவதற்குள் கேசரியும் வடையும் ஒரு டப்பாவில் போட்டு என் கணவரிடம் கொடுத்திருந்தார்.

கணவர் காரை ஓட்டினார். புடவை மாற்ற நேரமில்லை. ஹோட்டல் ஆட்டக்கூடத்துக்குள் அரக்குப் பட்டும் தலையில் மல்லிகையுமாக நான் நடந்து வந்தபோது, தொப்பியும் காதில் ஹெட்ஃபோனுமாக உட்கார்ந்திருந்தவர்கள் தலைதூக்கிப் பார்த்தார்கள். குவியல் பாதிக்கும் கீழே போயிருந்தது. பல் மருத்துவர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துக் கொடுத்தார்.

அன்றைக்குப் பட்டுப் புடவை எனக்கு வேலை செய்தது. கல்யாண வீட்டிலிருந்து வழிதவறி வந்த ஆன்ட்டி என்று நினைத்தார்கள்போல. எனக்கு ஜோடி ராணி வந்தபோது எல்லாச் சிப்ஸையும் நடுவே தள்ளினேன். எதிரே இருந்த இளைஞன் யோசிக்கவே இல்லை, என்னை நம்பாமல் சின்ன ஜோடியோடு உள்ளே வந்தான். குவியல் இரண்டு மடங்கானது. அடுத்த ஒரு மணி நேரத்தில் அதே தப்பை இன்னொருவரும் செய்தார். அதன் பிறகு யாரும் செய்யவில்லை. உண்மையான ஆட்டம் அப்போதுதான் தொடங்கியது.

கடைசி மேசை வரைக்கும் போனேன். அங்கே ஏழாவது இடத்தோடு வெளியேறினேன். ஏஸும் ராஜாவும் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் போட்டேன். எதிராளியிடம் ஜோடிப் பத்து. நடுவில் விழுந்த ஐந்து சீட்டில் ஒன்றுகூட எனக்கு உதவவில்லை. எழுந்து கை கொடுத்தேன். அவரே கொஞ்சம் வருத்தமாகப் பார்த்தார். மதியம் இழந்த சிப்ஸ் கையில் இருந்திருந்தால் அந்தத் தோல்வியைத் தாங்கிக்கொண்டு இன்னும் ஆடியிருப்பேன். இருந்திருந்தால்தான். அன்று அது உறுத்தியது, இப்போதும் எப்போதாவது பூக்கட்டு கட்டும்போது நினைவு வரும். ஆனால் அந்தப் பெண்ணை வேறு யாராவது அழைத்து வந்திருந்தால் அது இன்னும் அதிகமாக உறுத்தியிருக்கும்.

பல் மருத்துவர் எனக்கு முன்பே தோற்றுவிட்டு, கீழே வரவேற்புக் கூடத்தில் என் கணவரோடு உட்கார்ந்து கேசரியைத் தீர்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஜப்பான்காரன் காலத்து மலாயாவைப் பற்றி மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வடை மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள். அவ்வளவு பசியில் அது அமிர்தமாக இருந்தது.

கணவரின் அக்கா போனில் கேட்டார். "ஜெயிச்சியா?"

"ஏழாவதுக்கா."

"எத்தன பேருல?"

சொன்னேன். "அது பரவால்ல லா" என்றார். பிறகு, தை மாசம் கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது என்றும், அந்த வாரம் எங்கேயும் எதிலும் பேர் கொடுத்துத் தொலைக்காதே என்றும் சொன்னார். சரி என்றேன். மாசம் முழுக்கவே ஆடப்போவதில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். தைக்குப் பூக்க வேண்டுமென்றால் இப்போதே நாற்று நட வேண்டும். மண்டபத்துக்கு மஞ்சள் மட்டும் போதாது, வெள்ளையும் வேண்டுமாம்.