ஐஸ் பெட்டியும் ஆளில்லாத கடற்கரையும்

ஜொகூர் பாருவில் கடலுக்குப் பஞ்சமில்லை, அலைக்குத்தான் பஞ்சம். எங்கள் மாசாய் வீட்டிலிருந்து வண்டியை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெரியும். தெரிந்து என்ன செய்ய? எதிரே சிங்கப்பூர், நடுவே கப்பல், கரையெல்லாம் கடையும் பாட்டும். தண்ணீர் தன்பாட்டுக்குக் குளம் மாதிரி கிடக்கும்.

எனக்கு அலை வேண்டியிருந்தது. சத்தம் போடும் அலை, ஆனால் வேறு எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது.

என் கணவர் பாசிர் கூடாங்கில் இயந்திரங்களுக்கு நடுவிலேயே வேலை பார்த்துக் காதைத் தொலைத்தவர். நான் பேசினால் என் வாயைத்தான் பார்ப்பார். பார்க்காத நேரம் நான் கத்த வேண்டும். "சாப்பிட வாங்க" என்று நான் கூப்பிட்டால் மூன்றாவது வீட்டுக்காரர் தட்டை எடுப்பார். எங்கள் வீட்டில் தினமும் சண்டை என்று தெருவில் பேச்சு.

பிள்ளைகள் சேர்ந்து அவருக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். "மொதல்ல சத்தம் இல்லாத எடத்துல போட்டுப் பழகுங்க அங்கிள். ஒத்து வரலன்னா ஒரு மாசத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடலாம்" என்றாள் கடைப் பெண். இவர் நேரே பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போட்டுக்கொண்டு போனார். அலமாக்! பாதி வழியில் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "தலைக்குள்ள தகரத்த உருட்டுற மாதிரி இருக்கு" என்றார். அதோடு டப்பாவுக்குள் போனதுதான்.

வீட்டில் போடுங்கள் என்றேன். தெருவில் மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டு நாய். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். கடைசியில் அவரே இறங்கி வந்தார். கல்யாணத்துக்கு முன்பு கிழக்குக் கரையில் மீன் பிடிக்கப் போனவர் அவர்.

"அலைச் சத்தம் பழையபடி கேட்டா வச்சிக்கிறேன். இல்லன்னா கெடு முடியுற திங்கக்கெழம திருப்பிக் குடுத்துருவேன்லா."

வந்த ஞாயிறே தேசாரு கடற்கரைக்குப் போனோம். பள்ளி விடுமுறை. மணலைவிட மனிதர்கள் அதிகம். அவர் டப்பாவைத் திறக்கவே இல்லை. கையில் இருந்தது இன்னும் ஒரே ஒரு ஞாயிறு. விசாரித்து விசாரித்து, மலாய்க் கம்பத்துக் கிராமப் பாதையில் இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு கடற்கரையைக் கண்டுபிடித்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் ஐஸ் பெட்டியோடு வந்து நிற்பீர்கள்.

அந்த ஐஸ் பெட்டிதான் என்னைக் கெடுத்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது போல, சனிக்கிழமை நாத்தனாரிடம் போய் அதை இரவல் கேட்டேன்.

"எங்க அண்ணி போறீங்க?"

"சும்மா கடலுக்கு. நீங்களும் வாங்களேன்."

நம் ஆட்களிடம் சொல்லும் முறை அது. கூப்பிடாமல் போனால் காலத்துக்கும் குறை. கூப்பிடுவது மரியாதை, "இல்ல அண்ணி, பரவால்ல" என்பது பதில் மரியாதை. இவள் பதில் மரியாதையை மறந்துவிட்டாள்.

"அப்படியா! எடத்தச் சொல்லுங்க, நாங்களும் வர்றோம்!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கூப்பிட்ட வாயால் வராதே என்றா சொல்ல முடியும்? வழியையும் சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் எழுந்து கிளம்புவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று விடியும்போதே இவரைக் கிளப்பினேன்.

கடற்கரை நான் கேட்டதுபோலவே இருந்தது. ஆள் இல்லை, கடை இல்லை, அலை மட்டும். அவர் பையிலிருந்து டப்பாவை எடுத்தார்.

பின்னால் ஹார்ன். மூன்று கார்கள். நாத்தனார், அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள், அவள் கூப்பிட்ட சம்பந்தி வீட்டார், மசாலா தடவிய கோழி, அடுப்புக்கரி, இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர். "அண்ணி, சத்தமே இல்லாம எப்படி இருக்கீங்க?" என்றபடி அதைத்தான் முதலில் இறக்கினாள். குத்துப்பாட்டு அலறியது.

அவர் டப்பாவை மூடினார்.

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையோரமாக நடந்தேன். "எங்க அண்ணி, சாப்பிட்டுப் போங்க!" என்ற குரலுக்குத் திரும்பவில்லை. பாறைகளைத் தாண்டி, பாட்டு தேய்ந்து மறையும்வரை நடந்தேன். நடந்தவரைக்கும் திட்டினேன். நாத்தனாரை, ஸ்பீக்கரை, ஐஸ் பெட்டியை, இவருடைய பிடிவாதத்தை. அவருக்குக் கேட்காது என்ற தைரியம்.

கரை ஒதுங்கிய மரத்துண்டில் அவர் உட்கார்ந்தார். நான் கடலைப் பார்த்தபடி திட்டிக்கொண்டே இருந்தேன். "அந்தக் கருமத்தப் போட்டுத்தான் பாருங்களேன்! யாருக்காக நான் இப்படி நாயா அலையுறேன்!"

"ஏம்மா கத்துற? பக்கத்துலதானே இருக்கேன்."

திரும்பினேன். மிஷின் காதில் இருந்தது. அவர் முகம் வலியில் சுளித்திருந்தது. அலையால் அல்ல, என்னால். அந்தக் கரையில் மிச்சமிருந்த ஒரே இரைச்சல் நான்தான்.

வாயை மூடினேன். ஓர் அலை வந்து உடைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொன்று வந்தது. மிஷினைக் கழற்றவில்லை.

எனக்கு அவரிடம் ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது. ஆனால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கப் பேசிப் பழகிய வாய்க்கு, பக்கத்தில் இருக்கும் மனிதரிடம் எப்படிப் பேசுவது என்று மறந்துபோயிருந்தது. குரலைத் தாழ்த்திப் பார்த்தேன். யாரோ புதுப் பெண்ணின் குரல் போல வந்தது.

"பசிக்குதாங்க?"

"ம். கொஞ்சம்."

என் வாயைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடியே சொன்னார்.