ஜூன் ஒன்றாம் தேதிக்காரர்களும் அக்காவின் கணக்கும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பாதிப் பேரை அவர் ஏதாவது ஒரு கணக்கில் மடக்கியிருப்பார். மீதிப் பேர் அவரைக் கண்டதும் எதிர்ப்பக்கம் நடந்தவர்கள். இரு தரப்பினருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

பெங்களூரு நீலசந்திராவில் பிறந்த அக்கா, நான்கு பிள்ளைகளில் மூத்தவர். நான் கடைசித் தங்கை. அப்பா காலமானபோது அக்கா பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தார். கணிதம் படிக்கக் கல்லூரியில் இடம் கிடைத்தும் போகாமல், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தார். எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். அதை யாராவது தியாகம் என்றால் அவருக்குக் கோபம் வரும். "கணக்கு என்ன காலேஜுக்குள்ள மட்டும்தான் இருக்குதா?" என்பார்.

ஓய்வு பெற்றபின் எங்கள் தெருச் சங்கக் கூடத்தில் ஞாயிறு காலைகளில் கணித அதிசயங்களைச் சொல்லத் தொடங்கினார். ஆட்டோ ஓட்டுபவர்கள், பெயிண்டர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் என ஐம்பது பேர் வருவார்கள். சங்கச் செயலாளருக்கு மட்டும் நம்பிக்கையில்லை. கூடத்தைத் தையல் வகுப்புக்குக் கொடுத்தால் நாலு பேர் பிழைப்பார்கள் என்பது அவர் கட்சி. ஒரு ஞாயிறு நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக வந்து உட்கார்ந்தார்.

அன்று அக்கா, "வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள். ஆனா இந்த ஐம்பது பேர்ல ரெண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் இருக்கும், பாருங்க" என்றார். யாரும் நம்பவில்லை. ஒவ்வொருவராகத் தேதி சொன்னார்கள். ஜூன் ஒன்று என்று மட்டும் ஒன்பது பேர் சொன்னார்கள். கூடம் கைதட்டியது. செயலாளரும் தட்டினார்.

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"தட்டாதீங்க. இது கணக்கு இல்ல, நம்ம ஸ்கூல் மேஷ்ட்ரு பண்ண வேலை. பொறந்த தேதி தெரியாத புள்ளைங்களுக்கெல்லாம் அவர்தான் ஜூன் ஒண்ணுன்னு எழுதினார். நானும் ஜூன் ஒண்ணுதான். எனக்கே தோணல பாருங்க."

நான் அருகில் போய், "விட்ரு அக்கா, ஹால் கிடைச்சிடும்" என்று கிசுகிசுத்தேன்.

"தப்புப் பீஸைப் பாஸ் பண்ணி எனக்குப் பழக்கம் இல்ல" என்றார்.

பிறகு நட்சத்திரம் கேட்டார். அதில் எந்த மேஷ்ட்ரும் கைவைக்க முடியாது. நட்சத்திரம் இருபத்தேழு, பத்துப் பேர் நின்றால் இருவருக்கு ஒன்றாக அமையவே வாய்ப்பு அதிகம், ஆனால் அமையாமலும் போகலாம் என்றார். தெரியாதவர்கள் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். முதல் பத்துப் பேரில் ஒருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அக்கா பலகையில் "இல்லை" என்று பெரிதாக எழுதிவிட்டு அடுத்த பத்துப் பேரைக் கூப்பிட்டார். அதில் இரண்டு ரோகிணி. அடுத்த இரண்டு வரிசைகளிலும் ஜோடி அமைந்தது.

"அந்த முதல் வரிசையை அழிச்சிடலாமேம்மா" என்றார் செயலாளர்.

"அழிச்சா மத்த மூணையும் நீங்க நம்பக் கூடாது சார்."

செயலாளர் கூடத்தின் சாவியை அக்காவிடம் கொடுத்தார். தையல் வகுப்பு மாலைக்கு மாறியது.

கடைசி மாதங்களில் சிறுநீரகம் கைவிட்டது. அப்போதும் மருத்துவரிடம், "பயப்படாதீங்கன்னு சொல்லாதீங்க டாக்டர், நூத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க" என்றுதான் கேட்டார். பதிலைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார். நான்தான் வெளியே போய் அழுதேன். இப்போதும் அழுகிறேன்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த தெருக்காரர்களுக்கும், முன்னால் நின்று இறுதிக் காரியங்களைச் செய்த செயலாளர் ஐயாவுக்கும் எங்கள் நன்றி.

இன்னொருவர் இருக்கிறார். ஞாயிறு வகுப்பை இப்போது நான் நடத்துகிறேன். முதல் நாளே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டேன். துக்க வீட்டுக்காரி என்று இரக்கப்பட்டு எல்லோரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து, அலுவலகமொன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்யும் ஓர் அம்மா மட்டும் எழுந்து நின்றார்.

"தப்பும்மா அது. அழிச்சிட்டு மறுபடி போடு, நாங்க இருக்கோம்" என்றார்.

எங்கள் குடும்பத்தின் முதல் நன்றி அவருக்கே.