பங்காளி திருப்பிய தலையணை

உலகப் பெருமக்களே, மேதைகளே, மனநல நிபுணர்களே, ஓர் அதிமுக்கிய அறிவிப்பு. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நீங்கள் இதுவரை சொல்லி வந்தது தவறு. ராத்திரி வேலைக்குப் போன பேய் பகலில்தான் வரும். பாவம், அது வேறு எப்போது படுக்கும்? சிரிக்க வேண்டாம். இது எனக்கே நடந்தது. ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

கம்பெனி விடுதியில் கட்டிலுக்கு இரண்டு பேர். பகலெல்லாம் வெல்டிங் அடிக்கும் நான் ராத்திரி படுப்பேன். ராத்திரி வேலைக்காரர் ஒருவர் அதே கட்டிலில் பகலில் படுப்பார். அவர்கள் இறங்கும் பஸ்ஸில் நாங்கள் ஏறுவோம். அந்த நெரிசலில் யார் எவர் என்று தெரியாது. இரண்டு வருஷமாக முகம் பார்த்ததில்லை. மெத்தையில் மிச்சமிருக்கும் சூடும் தலைவலித் தைல வாசனையும்தான் அறிமுகம். மனசுக்குள் அவரைப் பங்காளி என்று கூப்பிடுவேன். சொத்துத் தகராறு இல்லாத ஒரே பங்காளி. பேசாமலே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. எழுந்து போகிறவர் தலையணையைத் திருப்பிப் போட வேண்டும். வியர்த்த பக்கம் கீழே, காய்ந்த பக்கம் மேலே.

நோய் பரவிய அன்று ராத்திரி வெளிக்கதவைப் பூட்டினார்கள். நான் உள்ளே. வேலைக்குப் போன பங்காளியை அங்கேயே ஒரு ஷெட்டில் அடைத்துவிட்டார்கள். முழுக் கட்டிலும் எனக்கே. அன்றைக்கு மட்டும் தலையணை திருப்பப்படவில்லை, ஈரமாக இருந்தது. பங்காளிக்கும் பங்காளி புத்தி வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மனநலம் காக்க கம்பெனி மாபெரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தினமும் போன் வரும். பதிவு செய்த குரல். மனம் நன்றாக இருந்தால் ஒன்றை அழுத்த வேண்டும். மிக நன்றாக இருந்தால் இரண்டு. மூன்று கிடையாது.

அறையில் பேச்சு நின்றுபோனது. மேல்கட்டில் பெயின்டர் நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். வீட்டிலிருந்து மனைவி கூப்பிடுவாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"மாஸ்க் போட்டிருக்கேன்."

"போன்ல பேசறதுக்கா?"

பிறகு ஒரு நாள் அப்பா போய்ச் சேர்ந்தார். அடக்கத்தைப் போனில் பார்த்தேன். மண் தள்ளும்போது சார்ஜ் தீர்ந்துவிட்டது. மறுநாள் காலை ஒன்றை அழுத்தினேன்.

அதற்கடுத்துதான் ஆரம்பித்தது.

மத்தியானம் முகம் கழுவிவிட்டு வந்தேன். தலையணை திரும்பியிருந்தது.

"பெயின்டரே, என் தலையணையைத் தொட்டீங்களா?"

"நான் கீழ இறங்கி ரெண்டு நாளாச்சுப்பா."

படுத்தேன். மெத்தை சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போன சூடு...

அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். பகலில் மட்டும்.

தைல வாசனை வந்தது. அறையில் யாரிடமும் தைலம் இல்லை.

தலையணையைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் நனைந்திருந்தது. நான் அழவில்லை. அழுகை எனக்கு எப்போதோ நின்றுவிட்டது.

அன்றைக்கு மொட்டை மாடிக் கதவு திறந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள் என்றார்கள். போகலாம் என்று தோன்றியது. காற்று வாங்க அல்ல.

கட்டிலிலிருந்து எழுந்தேன்.

மெத்தை எழவில்லை.

நான் உட்கார்ந்திருந்த பள்ளத்துக்குப் பக்கத்தில்... இன்னொரு பள்ளம். அப்படியே இருந்தது.

டப்... தலையணை விழுகிற சத்தம்.

காதருகே மூச்சு. தைலம்.

"போகாதீங்க..."

கால் நகரவில்லை.

"திருப்பிட்டேன். படுங்க."

படுத்தேன்.

காய்ந்த பக்கம்.

விளக்கு போடும்வரை தூங்கினேன். எழுந்தபோது மாடிக் கதவைப் பூட்டியிருந்தார்கள்.

கடைசியில் வெளிக்கதவைத் திறந்தார்கள். ஷெட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கிய ஃபிட்டர் ஒருவரைப் பிடித்தேன்.

"வாசப்பக்கம் கீழ்க்கட்டில்ல பகல்ல படுப்பாரே, அவர் எங்க?"

"தைலம் தடவிக்கிட்டே இருப்பானே, அவனா?" ஃபிட்டர் செருப்பைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். "மொத வாரமே போயிட்டான்ணே."

"காய்ச்சலா?"

"காய்ச்சல்னா உங்களுக்குச் சொல்லியிருப்பாங்களே. ஷெட் கூரை மேல ஏறிட்டான். உங்களுக்கெல்லாம் மனசு கஷ்டப்படும்னு வெளிய சொல்ல வேணாம்னுட்டாங்க."

அவரே தொடர்ந்தார்.

"முந்தின நாள் பூரா ஒரே புலம்பல்ணே. அன்னிக்கு அவசரத்துல தலையணையைத் திருப்பாம வந்துட்டேன், அந்த ஆளு ஈரத்துலயே கிடப்பாரு, ஒரு தடவை போய்த் திருப்பிட்டு வந்துடறேன்னு... கேட்டைத் தட்டித் தட்டிக் கேட்டான்."

அந்த வருஷம் மனநலத்தில் எங்கள் விடுதிக்குத்தான் முதல் பரிசு. கட்டிலுக்கு ஒரு தலையணை கொடுத்தார்கள்.